துறைகளுக்கு நடுவே ஒளியும் கிருமி: ஒரு பெருந்தொற்றைப் புரிந்துகொள்ள ஏன் பலர் வேண்டும்?

2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் சமூக ஊடகத்தில் ஓர் அறிவிப்பு போட்டது. கோவிட்-19 காற்றில் பரவாது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகள் வழியாகத்தான் பரவுகிறது, அவை கனமானவை, விரைவில் கீழே விழுந்துவிடும் என்றது அது. அதற்கு இரண்டரை வாரம் முன்பு, மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் ஒரு சேர்ந்திசைக் குழு ஒத்திகைக்குக் கூடியிருந்தது. வந்தவர்கள் 61 பேர். கைக்குக் கிருமிநாசினி வைத்திருந்தார்கள், கைகுலுக்கலைத் தவிர்த்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடிவிட்டுக் கலைந்தார்கள். அவர்களில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்துபோனார்கள்.

கனமான துளிகள் மட்டும்தான் காரணம் என்றால் இந்தக் கணக்கு எங்கேயோ உதைக்கிறது. அதை உடனே கவனித்தவர்களில் மருத்துவர்களைவிடக் காற்றை ஆராய்கிறவர்கள் அதிகம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் லிடியா மொராவ்ஸ்கா காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தவர். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அவரும் வேறு சில வல்லுநர்களுமாக உலக சுகாதார நிறுவனத்தோடு பேசினார்கள். பேச்சு எடுபடவில்லை. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் பெயரோடு ஒரு திறந்த மடல் வெளியானது.

தகராறின் நடுவில் இருந்தது ஓர் எண்: 5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். மூச்சோடு வெளிவரும் துகள் 5 மைக்ரானுக்கு மேல் பெரிதாக இருந்தால் ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், அதைவிடச் சிறிதாக இருந்தால் மட்டுமே காற்றில் மிதக்கும் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்லிவந்தன. இயற்பியல் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அசையாத காற்றில் 5 மைக்ரான் துளி ஒன்று, நிற்கும் மனிதரின் வாய் உயரத்திலிருந்து தரைக்கு வர அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சில நொடிகளில் விழ வேண்டுமென்றால் துளி ஏறத்தாழ 100 மைக்ரான் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த 5 எங்கிருந்து வந்தது?

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பொறியாளர் லின்சி மாருக்கு இந்தக் கேள்வி கோவிட்டுக்கு முன்பே இருந்தது. பதிலைத் தேடிப் பழைய நூல்களுக்குள் இறங்கியவர் அதே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவி கேட்டி ராண்டல். அவர் பயின்றது மருத்துவமோ பொறியியலோ இல்லை. அவருடைய துறை சொல்லாட்சிக் கலை, எழுத்துகளை நுணுகிப் படிப்பது. கிடைத்த கதை இது. 19ஆம் நூற்றாண்டு வரை நோய்க்கெல்லாம் கெட்ட காற்றுதான் காரணம் என்ற நம்பிக்கை ஆழமாக ஊறியிருந்தது. 1910இல் சார்லஸ் சேப்பின் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார அதிகாரி அதை எதிர்த்து எழுதினார்: தொடுதலும் நெருக்கமும்தான் முக்கியம், காற்றுவழித் தொற்று அபூர்வம். அந்தக் கருத்து வென்றது. அதற்குப் பிறகு காற்றைப் பற்றிப் பேசுகிறவர் பழைய மூடநம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவராகவே பார்க்கப்பட்டார். 1930களில் ஹார்வர்டின் பொறியாளர் வில்லியம் வெல்ஸ் துளிகள் விழுவதையும் காய்வதையும் கணக்கிட்டு, எல்லைக்கோட்டைச் சுமார் 100 மைக்ரானில் போட்டார். காசநோய் பற்றிய ஆய்வுகளில் இன்னொரு எண் வந்தது. காசநோய்க் கிருமி தொற்ற வேண்டுமானால் நுரையீரலின் ஆழத்துக்குப் போயாக வேண்டும். அவ்வளவு ஆழம் போவது 5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள்தான். உடலுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கான அந்த எண், காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதற்கான எண்ணாக எப்படியோ பாடநூல்களில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. காற்றில் பரவும் நோய் என்றால் அவர்கள் மனதில் வருவது தட்டம்மை. கோவிட் தொடக்கத்தில் அந்த வேகத்தில் பரவவில்லை. காற்றுவழி என்று அறிவித்தால் ஒவ்வொரு மருத்துவமனையும் தனி அறை, சிறப்பு முகக்கவசம் என்று மாற வேண்டும். முகக்கவசங்களுக்கோ உலகமெங்கும் தட்டுப்பாடு. ஆனால் அந்த எண்ணின் விளைவு மருத்துவமனையோடு நிற்கவில்லை. மாதக்கணக்கில் உலகம் மேசைகளைத் துடைத்தது, கண்ணாடித் தடுப்புகளை வைத்தது, காற்றோட்டமான பூங்காக்களையும் கடற்கரைகளையும் மூடியது. சன்னலைத் திறக்கச் சொல்லும் குரல் தாமதமாகத்தான் மேலே வந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கப் பக்கத்தைத் திருத்தியது 2021 ஏப்ரலில். பல நாட்டு நிபுணர்களோடு சேர்ந்து 5 மைக்ரான் கோட்டையே கைவிடும் புதிய சொல்வரையறைகளை வெளியிட்டது 2024 ஏப்ரலில்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. பெருந்தொற்று சிக்கலானது, எல்லாத் துறையினரும் கைகோக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்த வாசகம். ஆனால் இங்கே நடந்தது வெறும் கைகோப்பு இல்லை. ஒரு துறை கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒன்றை இன்னொரு துறையால்தான் பார்க்க முடிந்தது. என் கணிப்பில், பெருந்தொற்றுக் காலங்களின் பெரிய தவறுகளில் கணிசமானவை இப்படித் துறைகளின் நடுவே, யாருடைய பொறுப்பிலும் இல்லாத இடத்தில்தான் நடக்கின்றன.

பன்றியும் மாமரமும்

1998 செப்டம்பரில் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் சிலருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுசெய்தார்கள். கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நோய் நிற்கவில்லை. பொருந்தாத குறிப்புகள் கண்ணெதிரிலேயே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்த வளர்ந்த ஆண்கள். அதே பண்ணைகளில் பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. கால்நடை மருத்துவர் பார்க்கும் நோயாளியும் மனித மருத்துவர் பார்க்கும் நோயாளியும் ஒரே கதையின் இரண்டு பாதிகள் என்பது புரிய மாதங்கள் ஆயின. 1999 மார்ச்சில் நுண்ணுயிரியலாளர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அது நிபா ஆனது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

வைரஸைக் கண்டுபிடித்ததோடு கேள்வி தீர்ந்ததா என்றால், இல்லை. அது பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் வௌவால்கள் அங்கே எப்போதும் இருந்தவைதானே, அந்த ஆண்டு மட்டும் என்ன புதிது? இதற்குப் பதில் சொன்னவர்கள் சூழலியலாளர்களும் கணித மாதிரி வல்லுநர்களும் பண்ணைப் பதிவேடுகளைப் புரட்டியவர்களும். முதலில் தொற்றிய பண்ணையில் சுமார் 30,000 பன்றிகள் இருந்தன. கூடுதல் வருமானத்துக்காகப் பட்டிகளை ஒட்டியே மாமரங்கள். மாம்பழத்துக்கு வௌவால் வரும்; அது கடித்துப் போட்டது கீழே பன்றியிடம் விழும். ஒருமுறை வந்த தொற்று தானாக அடங்கியிருக்கும். அடங்கிய பின் மறுபடி வந்தபோது, ஏற்கெனவே ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்ற பெரிய மந்தையில் குட்டிகள் பிறந்துகொண்டே இருந்ததால் வைரஸ் நீண்ட காலம் தங்கிவிட்டது என்று மாதிரிகள் காட்டின. வைரஸ், வௌவால், பழமரம், பண்ணைப் பொருளாதாரம் ஆகிய நான்கில் எது நோய்க்குக் காரணம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. பட்டியைத் தள்ளி வை, மரத்தைப் பக்கத்தில் நடாதே என்ற எளிய நடவடிக்கை நான்கையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தோன்றும்.

சவ அடக்கம்

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது உயிரியல் தெளிவாகவே இருந்தது. இறந்தவரின் உடலில் வைரஸ் மிகுதி. உடலைக் கழுவித் தொட்டு அடக்கம் செய்வதால் தொற்று பரவுகிறது. ஆகவே பாதுகாப்பு உடை அணிந்த குழு வந்து உடலைப் பையில் போட்டு எடுத்துச்செல்ல வேண்டும். அறிவியல்படி சரி. நடைமுறையில், குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தன, இரவில் ரகசியமாக அடக்கம் செய்தன, சில ஊர்கள் மருத்துவக் குழுக்களை விரட்டின. கினியாவில் வோமே என்ற ஊரில் 2014 செப்டம்பரில் விழிப்புணர்வுக்காகச் சென்ற குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதை அறியாமை என்றார்கள். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த மானிடவியலாளர்கள் வேறு விதமாக வாசித்தார்கள். முறைப்படி அனுப்பிவைக்கப்படாத இறந்தவர் உயிரோடிருப்பவர்களுக்குத் தீங்காவார் என்று நம்பும் குடும்பத்துக்கு, பையில் போட்டு எடுத்துச்செல்வது பாதுகாப்பாகத் தெரியாது, அதுவே ஆபத்து. கூடவே உள்நாட்டுப் போர்களும் நம்ப முடியாத அரசுகளும் விட்டுச்சென்ற பழைய காயம் இருந்தது. 2014 இறுதியில் நெறிமுறை மாறியது. உறவினர் தள்ளி நின்று பார்க்கலாம், பிரார்த்தனை செய்யலாம், உடைகளைக் கொடுத்தனுப்பலாம், மதத் தலைவர் உடன் வரலாம். வைரஸுக்கு எதிரான பாதுகாப்பில் துளியும் குறைக்கவில்லை, குடும்பத்துக்கு ஓர் இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பரவல் 2016இல் முடிவதற்குள் 28,600க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 11,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றுவிட்டிருந்தது.

இத்தனைக்கும் பாடம் புதிதல்ல. 2000இல் உகாண்டாவின் குலுவில் எபோலா பரவியபோது மானிடவியலாளர் பாரி ஹியூலெட் அங்கே சென்றார். அக்கோலி மக்களிடம் கொள்ளைநோய்க்கென்று ஏற்கெனவே ஒரு நடைமுறை இருப்பதைக் கண்டார்: நோயாளியைத் தள்ளித் தனி வீட்டில் வைப்பது, வாசலில் புல்தண்டு நட்டு அடையாளமிடுவது, அதே நோயிலிருந்து பிழைத்தவர்களே அவரைப் பார்த்துக்கொள்வது. தொற்றியலாளர் எழுதித்தரும் அறிவுரையிலிருந்து இது பெரிதாக வேறுபடவில்லை. இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியிருப்பார் பாருங்கள். ஆனாலும் பதினான்கு ஆண்டுகள் கழித்து, மானிடவியலாளர்கள் மறுபடியும் பாதி வழியில்தான் அழைக்கப்பட்டார்கள். சமூக அறிவியலாளரை அழைக்கும் நேரம் எப்போதும் ஒன்றுதான்: திட்டம் முடிவாகி, மக்கள் அதை ஏற்க மறுத்த பிறகு. ‘இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்’ என்று. இதைக் கூட்டுப்பணி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விரலில் மாட்டிய கருவி

கூட்டுப்பணி சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். கோவிட் காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உலகப் பிரபலம் ஆனது. 92, 94 என்று அது காட்டும் எண்ணை வைத்தே யாரை மருத்துவமனையில் சேர்ப்பது, யாருக்கு ஆக்சிஜன் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். கருவி தோலுக்குள் ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கிறது. அப்படியானால் தோலின் நிறம் குறுக்கே வருமா? எம்.ஐ.டி.யின் மானிடவியலாளர் ஏமி மொரான்-தாமஸ் 2020 ஆகஸ்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கருவிகள் கறுத்த தோலில் பிழையாக அளக்கக்கூடும் என்பது பழைய ஆய்வுகளிலேயே இருந்ததையும், யாரும் அதைச் சட்டைசெய்யாததையும் சுட்டிக்காட்டினார். அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் கையில் இருந்த தரவைத் திறந்து பார்த்தார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை நேரடியாகச் சோதித்தால் ஆக்சிஜன் அபாய அளவுக்குக் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. டிசம்பரிலேயே முடிவு வெளியானது.

இதற்காக மாநாடு எதுவும் கூட்டப்படவில்லை. கேள்வி ஒரு துறையில் பிறந்தது, தரவு இன்னொரு துறையிடம் இருந்தது, இரண்டாமவர் முதலாமவரின் கட்டுரையைப் படித்தார். படித்ததோடு நில்லாமல் தன் அளவுகோலையே சந்தேகப்பட்டார். அந்த இரண்டாவது படிதான் அரிது.

தொடத் தொட மாறும் யானை

கணித மாதிரிகளை இதோடு சேர்க்காமல் விட முடியாது. தொற்றுநோய்க் கணிதத்தின் அடித்தளமே இருதுறைக் கூட்டில் பிறந்ததுதான். 1927இல் அதை வெளியிட்ட இருவரில் மெக்கென்ட்ரிக், இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவர், கசௌலியில் பணியாற்றியவர். கெர்மாக் வேதியியலாளர், ஆய்வகத்தில் நடந்த விபத்தில் 1924இல் பார்வை இழந்தவர். தங்கள் சமன்பாட்டைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாயின் 1905-06 பிளேக் மரணக் கணக்கு. தொற்றக்கூடியவர், தொற்றியவர், குணமாகியோ இறந்தோ விலகியவர் என்று மக்களை மூன்றாகப் பிரிக்கும் அந்த யோசனையின் வாரிசுகள்தான் இன்றைய மாதிரிகள் பலவும்.

அவற்றின் பலவீனமும் தெரிந்ததே: மனிதர்கள் பயந்தால் நடந்துகொள்ளும் விதம் மாறும். 2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, யாரும் எதுவுமே செய்யாவிட்டால் பிரிட்டனில் 5,10,000 பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறக்கலாம் என்றது. அந்த ‘எதுவுமே செய்யாவிட்டால்’ என்ற நிபந்தனை தலைப்புச் செய்திகளில் காணாமல்போனது. பிறகு, சொன்னது நடக்கவில்லையே என்று திட்டியவர்களும் அதை மறந்துவிட்டார்கள். உண்மையில் மக்கள் அரசு சொல்லும் வரை காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் கைப்பேசி இருப்பிடத் தரவைக் கொண்டு ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சிவர்சனும் கண்டது இது: கடைகளுக்குப் போவோர் எண்ணிக்கை 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது, அதில் அரசுத் தடைகளால் நேர்ந்தது 7 புள்ளிகள்தான். மீதியில் பெரும்பங்கு தாமாக ஒதுங்கியது.

இந்த இடத்தில் யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையைச் சொல்வது வழக்கம். ஆனால் அந்தக் கதையில் யானை அசையாமல் நிற்கிறது. ஒவ்வொருவர் சொல்வதையும் கூட்டினால் முழு யானை கிடைத்துவிடும். பெருந்தொற்றில் நாம் அளப்பதும் அறிவிப்பதும் மக்களை மாற்றுகின்றன, மக்கள் மாறினால் பரவல் மாறுகிறது, பரவல் மாறினால் வைரஸின் பரிணாமமே மாறுகிறது. தனித்தனி அறிக்கைகளைப் பின்னால் தைத்து ஒட்டினால் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். பொருளாதார அறிஞரின் எண், மாதிரி செய்பவரின் சமன்பாட்டுக்கு உள்ளேயே போக வேண்டும்.

சரி, அப்படியானால் எல்லாரும் எல்லாவற்றையும் பற்றிப் பேசலாமா? கூடாது. 2020 ஏப்ரலில், நோய் எப்படிப் பரவுகிறது என்ற இயங்குமுறையைச் சேர்க்காமல், இறப்புக் கோட்டின் வடிவத்தை மட்டும் பொருத்திப் பார்த்த ஒரு பிரபல அமெரிக்க மாதிரி, ஆகஸ்டுக்குள் அமெரிக்காவின் மொத்த கோவிட் இறப்பு சுமார் 60,000 என்றது. அந்த எண்ணிக்கை அந்த மாதமே தாண்டப்பட்டது. குழு பிறகு பரவல் இயங்குமுறையைச் சேர்த்து மாதிரியை மாற்றியது. இன்னொரு துறைக்குள் நுழைகிறவர் அங்கே நூறாண்டாகத் தெரிந்ததைத் தெரிந்துகொண்டுதான் நுழைய வேண்டும். மொராவ்ஸ்காவும் மாரும் வென்றது வெளியாட்கள் என்பதால் அல்ல. காற்றைப் பற்றி அவர்களுக்கு மருத்துவர்களைவிட உண்மையிலேயே அதிகம் தெரியும் என்பதால்.

ஆதாரம் என்றால் என்ன என்பதிலேயே துறைகள் ஒத்துப்போவதில்லை. மருத்துவத்துக்கு, மக்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனைதான் உச்சம். இயற்பியலாளருக்குத் துகள் மிதக்கும் கணக்கே போதும். மானிடவியலாளர் ஒரே ஊரில் ஓராண்டு இருந்து எழுதியதை ஆதாரம் என்பார். முகக்கவச விவாதம் இரண்டாண்டு இழுத்தடித்ததில் இதற்குப் பங்குண்டு. யேல் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்களும் மருத்துவர்களும் சேர்ந்து வங்கதேசத்தின் 600 கிராமங்களில் நடத்திய பெரிய சோதனை இந்த இழுபறிக்கு நடுவில் ஒரு பாலம் போட்டது. முகக்கவசம் தடுக்குமா என்பதோடு, மக்களை அணியவைப்பது எப்படி என்பதையும் அதே சோதனையில் கேட்டார்கள். இலவசமாகக் கொடுத்து, முன்னுதாரணம் காட்டி, நினைவூட்டியபோது அணிவோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடு ஆனார்கள். அறிகுறியோடு உறுதிசெய்யப்பட்ட தொற்று சுமார் 9 விழுக்காடு குறைந்தது. இதைக் குறைவு என்பவரும் உண்டு, பெரிது என்பவரும் உண்டு. ஆனால் இரு தரப்பும் ஒரே எண்ணை வைத்து வாதிட முடிந்தது.

அமைப்புகள் அளவில் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக நான்கு சர்வதேச அமைப்புகள் சேர்ந்து 2021இல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தன. 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் அந்த அணுகுமுறை இடம்பெற்றிருக்கிறது. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

சோதனை ஏற்கெனவே வந்துவிட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானது. பறவை வைரஸ் மாட்டின் மடியில் பெருகி, பாலில் கொட்டுகிறது. யாரும் எதிர்பார்க்காத இடம். பால் கறக்கும் இயந்திரம் வழியாக மாட்டுக்கு மாடு பரவுகிறதா என்பது பண்ணைப் பொறியியல் கேள்வி. எந்த மாட்டைச் சோதிப்பது என்பது வேளாண் துறையின் அதிகாரம், கடைப்பால் உணவுத் துறையின் பொறுப்பு, தொழிலாளியின் கண் சிவந்தால் அது சுகாதாரத் துறையின் வேலை. நாடு தழுவிய பால் பரிசோதனைக்கு ஆணை வந்தது டிசம்பரில், ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து. பண்ணைத் தொழிலாளர்களில் கணிசமானவர்கள் குடியேறிகள். சோதனையில் நோய் தெரிந்தால் கூலி போகும், ஒருவேளை நாட்டில் இருக்கும் உரிமைக்கே சிக்கல் வரும். எத்தனை பேருக்குத் தொற்றியது என்ற எண்ணை நம்ப வேண்டுமானால், அந்தத் தொழிலாளி ஏன் சோதனைக்கு வர மறுக்கிறார் என்பதை ஆய்வகத்துக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.